பார்க்கப்படும் மரபும் பார்க்கும் மரபும்: குடும்பப் படநூல்கள் குறித்துச் சில சிந்தனைகள்

தமிழில் குழந்தை இலக்கியம் பற்றி வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை பாடல்களைப் பற்றியும் கதைகளைப் பற்றியுமே அமைகின்றன. படத்தைப் பற்றிப் பேசுவன மிகச் சில. அவையும் 'வண்ணப் படங்கள் குழந்தைகளின் மனத்தைக் கவர்கின்றன' என்பது போன்ற ஒரு தொடரோடு நின்றுவிடுகின்றன. படம் சொல்லுக்கு அணி. சொல் கூறியதையே மீண்டும் காட்டுவது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பருவத்தில் ஊன்றுகோலாகி, பின்னர் விலக்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. குடும்பத்தையும் மரபையும் பொருளாகக் கொண்ட படநூல்களை நாம் வாசிக்கும் முறையையும், அத்தகைய நூல்களை நாமே எழுதும் முறையையும் இவ்வெண்ணம் எவ்வளவு குறுக்கிவிடுகிறது என்பதைச் சில நூல்களை முன்வைத்துக் காட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

'படக்கதை' என்றதும் நமக்குக் கட்டம் கட்டமாக வரும் சித்திரக்கதையே நினைவுக்கு வரும். இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது அதுவன்று. பெரும்பாலும் 32 பக்க அளவில், சில வரிகளும் பக்கம் நிறைந்த ஓவியங்களுமாக, இரண்டும் சேர்ந்தே கதையை நடத்தும் நூலையே 'படநூல்' என்னும் சொல்லால் இக்கட்டுரை குறிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கான வகுப்பொன்றில் அத்தகைய நூலொன்றின் வரிகளையெல்லாம் காகிதத்தால் மறைத்துவிட்டு, அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இறுதியில் ஒரு மாணவி, "டாக்டர், இதில் வாசிக்க என்ன இருக்கிறது?" என்றார். அவர் வகுப்பிலேயே கூர்மையான வாசகர். சங்கப் பாடலொன்றில் உள்ளுறையைத் தேடி எடுத்து விளக்கக்கூடியவர். பாட்டில் சொல்லப்படாததைக் கண்டுகொள்ளும் அவருக்கு, படத்தில் சொல்லப்படாதது ஒன்றிருக்கக்கூடும் என்பதே தோன்றவில்லை. குறை அவருடையதன்று. அவருக்கு அதனை யாரும் கற்பித்ததில்லை. நானும் அதுவரை கற்பித்ததில்லை.

சொல்லும் படமும் ஒன்றையொன்று திரும்பக் கூறுவதில்லை என்பதற்கு மோரிஸ் சென்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) இன்றும் சிறந்த சான்று. சிறுவன் மேக்ஸின் அறையில் காடு வளர வளரப் பக்கத்தில் படத்தின் பரப்பும் வளர்கிறது. அவன் கொடும் விலங்குகளோடு கூத்தாடும் இடத்தில் சொல்லே இல்லை. அடுத்தடுத்த மூன்று விரிப்புகளைப் படம் மட்டுமே ஆள்கிறது. அவன் வீடு திரும்பியபின் நிலைமை தலைகீழாகிறது. அவனுக்காக வைக்கப்பட்ட உணவு இன்னும் சூடாகவே இருந்தது என்னும் செய்தி, படமே இல்லாத கடைசிப் பக்கத்தில் சொல்லாக மட்டும் வருகிறது. அவனுடைய தாய் நூல் முழுவதிலும் ஒரு படத்திலும் தோன்றுவதில்லை. கோபித்தவளும் அவளே, உணவைச் சூடாக வைத்தவளும் அவளே. கற்பனை உலகம் படத்திற்கும் தாயின் அன்பு சொல்லுக்கும் உரியனவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இப்பகிர்வை மனத்தில் கொண்டே மரபு பற்றிய நூல்களை அணுக வேண்டும் என்பது என் கருத்து.

பாட்ரிசியா பொலாக்கோவின் 'த கீப்பிங் குவில்ட்' (1988) ரஷ்யாவிலிருந்து நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்த ஒரு யூதக் குடும்பத்தின் கதை. அன்னா என்னும் சிறுமி ஊரிலிருந்து கொண்டுவந்தவை ஓர் உடையும் ஒரு தலைத்துணியும் மட்டுமே. உடை அவளுக்குச் சிறிதாகிப் போகிறது. அதனோடு உறவினர்களின் பழைய துணிகளையும் சேர்த்து அவளுடைய தாயும் அயலகப் பெண்களும் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கின்றனர். பின்னர் அப்போர்வை நான்கு தலைமுறைகளின் திருமணங்களையும் பிறப்புகளையும் கடந்து செல்கிறது. கதைச் சுருக்கம் இவ்வளவே. நூலின் வரிகளும் எளிமையானவை. சில இடங்களில் குடும்பப் பதிவேட்டைப் படிப்பது போன்ற வறட்சிகூட உண்டு. வரிகளை மட்டும் எடுத்துத் தட்டச்சு செய்து மாணவர்களிடம் கொடுத்தால் இது சாதாரணக் குடும்ப வரலாறு என்றே கூறுவர்.

நூலின் உயிர் ஓவியத்தில் உள்ளது. மனிதர்கள், வீடுகள், தெருக்கள் யாவும் கரிக்கோட்டில் கறுப்பு வெள்ளையாக வரையப்பட்டிருக்க, அந்தத் துணிகள் மட்டுமே வண்ணத்தில் உள்ளன. முதலில் சிறுமியின் உடலில் உடையாக இருந்த வண்ணம், சில பக்கங்கள் கழித்துப் போர்வையின் ஒரு துண்டாக வருகிறது. இதனை முதலில் காண்பவர்கள் குழந்தைகளே. பெரியவர்கள் வரிகளை வாசித்துக்கொண்டிருக்கும்போது குழந்தையின் விரல் அந்தத் துண்டைத் தொட்டுவிடும். மனிதர் மூப்படைந்து மறைய, வண்ணம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குச் செல்கிறது.

மேலும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முதல் திருமணத்தில் ஆண்களும் பெண்களும் பிரிந்து நிற்கின்றனர். பின்னர் வரும் திருமணங்களில் இருபாலாரும் சேர்ந்து ஆடுகின்றனர். யூதரல்லாத நண்பர்களும் விருந்தினராகின்றனர். மரபு தேய்கிறதே என்ற கவலையோ, காலம் முன்னேறிவிட்டது என்ற பெருமிதமோ ஆசிரியரிடம் இல்லை. பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிடும் பொறுப்பு வாசகருடையது. அதைவிட முக்கியமானது, ஓய்வுநாள் விருந்தின் மேசைவிரிப்பாகவும் மணப்பந்தலின் விதானமாகவும் இருந்த அதே போர்வையைப் பின்னொரு தலைமுறைச் சிறுமி காளைச் சண்டை வீரரின் மேலங்கியாகவும் அமேசான் காட்டுக் கூடாரமாகவும் ஆக்கி விளையாடுகிறாள். புனிதப் பொருளைக் குழந்தையின் கையிலிருந்து ஒருவரும் பிடுங்குவதில்லை. இந்த ஓரிடத்திற்காகவே இந்நூலை நான் உயர்வாக மதிக்கிறேன். நம் வீடுகளிலும் பாட்டியின் பழைய சேலை குழந்தைக்குத் தொட்டிலாகிறது. பின் போர்வையாகி, கடைசியில் அடுப்படித் துணியாகி முடிகிறது. அதனைப் பாரம்பரியம் என்று நாம் அழைப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுச் சேலையையே அப்படி அழைக்கிறோம்.

ஏலன் சேயின் 'கிராண்ட்ஃபாதர்ஸ் ஜர்னி' (1993) வேறு வகையானது. 1994ஆம் ஆண்டு கால்டெகாட் பதக்கம் பெற்ற இந்நூல், ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவிற்குச் சென்று, கலிபோர்னியாவில் குடும்பமாகி, தாயக ஏக்கத்தால் திரும்பி, பின் கலிபோர்னியாவை நினைத்து ஏங்கிய ஒரு தாத்தாவின் கதை. போர் வருகிறது; நகரத்து வீடு அழிகிறது; அவர் மீண்டும் கலிபோர்னியாவைக் காணவில்லை. கதை சொல்லும் பேரன் பின்னாளில் அதே கடலைக் கடக்கிறான். அவனுக்கும் ஏக்கம் இருபுறமும் இழுக்கிறது. ஓவியங்கள் பழைய குடும்ப ஆல்பத்தின் நிழற்படங்களைப் போல விறைப்பாக, நம்மை நேராக நோக்கி நிற்பனவாக உள்ளன. கப்பல் தளத்தில் புதிய ஐரோப்பிய உடை அணிந்து நிற்கும் இளைஞனின் முகத்தில் மகிழ்ச்சியா அச்சமா என்று எளிதில் கூறிவிட முடியாது. தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்து ஸ்டூடியோவிற்கு வந்து, இரவல் கோட்டு அணிந்து, ஊருக்கு அனுப்புவதற்காகப் படம் எடுத்துக்கொண்ட நம் முன்னோரின் முகங்களை அறிந்தவர்களுக்கு இவ்விறைப்பு புதிதன்று. படம் மௌனமாக இருப்பதால்தான் சொல் உரக்கப் பேச வேண்டிய தேவையில்லாது போகிறது. போரைப் பற்றிய வரிகள் மிகச் சில. இத்தகைய நூலை வாசித்துவிட்டு, 'தாத்தா எந்த நாட்டிற்குச் சென்றார்? அவர் ஏன் வருந்தினார்?' என்று கருத்துணர் வினாக்கள் தொடுப்பது எவ்வளவு பெரிய வன்முறை என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே குடிபெயர்வை ஷோன் டான் 'தி அரைவல்' (2006) நூலில் ஒரு சொல்லும் இன்றி வரைந்தார். ஆஸ்திரேலியரான அவருடைய தந்தை 1960இல் மலாயாவிலிருந்து சென்றவர் என்பதால் நமக்கு அந்நூலில் தொலைதூர உறவு ஒன்றுண்டு. புதிய நாட்டின் எழுத்துகள்கூட அவரே கற்பித்தவை. வந்திறங்கிய மனிதனால் படிக்க முடியாததை வாசகராலும் படிக்க முடியாது. தொடக்கத்தில் வீட்டுப் பொருள்கள் சிறு சிறு கட்டங்களில் வரிசையாகக் காட்டப்படுகின்றன. இறுதியில் அதே போன்ற வரிசை புதிய வீட்டின் பொருள்களோடு மீண்டும் வருகிறது. ஒன்றும் விளக்கப்படவில்லை.

குடும்பமும் கற்பனையும் எங்ஙனம் இணைகின்றன என்பதற்கு ஃபெயித் ரிங்கோல்டின் 'டார் பீச்' (1991) தனித்து நிற்கிறது. 2024இல் மறைந்த ரிங்கோல்ட் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். அடிமையாக வாழ்ந்த அவருடைய முன்னோள் ஒருத்தி போர்வைகள் தைத்தவள். அவரே 1988இல் உருவாக்கிய கதைப் போர்வையொன்றிலிருந்து இந்நூல் பிறந்தது. 1939ஆம் ஆண்டின் கோடை இரவில் எட்டு வயது கேசி, தார் பூசிய மொட்டைமாடியில் படுத்தபடி, ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் மேலாகப் பறக்கிறாள். அந்தப் பாலம் 1931இல் அவள் பிறந்த நாளன்று திறக்கப்பட்டது. அதனைக் கட்டிய தொழிலாளருள் அவள் தந்தையும் ஒருவர். தொழிற்சங்கத்திலோ அவருக்கு இடமில்லை. எனவே அவள் சங்கக் கட்டடத்தின் மேல் பறந்து அதனைத் தந்தைக்கு உரிமையாக்கிவிடுகிறாள். இரவுதோறும் பனிக்கூழ் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பனிக்கூழ்த் தொழிற்சாலையையும் சேர்த்துக்கொள்கிறாள். சங்கமும் பனிக்கூழும் ஒரே எடையில் வருவதுதான் குழந்தையின் பார்வை. பறத்தல் என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே, அடிமைகள் பறந்து விடுதலை பெற்றதாக வழங்கிய நாட்டார் கதைகளின் தொடர்ச்சி. அதனைக் கதையின் வரிகள் எங்கும் விளக்குவதில்லை. கேசிக்கு அது பாரம்பரியம் என்பதே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பறக்க முடியும் என்பது.

இங்கு ஒரு வேறுபாடு தெளிவாகிறது. சில நூல்களில் மரபு பார்க்கப்படும் பொருளாக இருக்கிறது. வேறு சிலவற்றில் மரபே பார்க்கும் கண்ணாக இருக்கிறது. இரண்டாவதற்குச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்ட பஜ்ஜு ஷ்யாமின் 'த லண்டன் ஜங்கிள் புக்' மிகத் தெளிவான சான்று. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு மரபு ஓவியரான அவர் உணவகமொன்றின் சுவரில் ஓவியம் தீட்ட லண்டன் சென்று திரும்பியவர். கோண்டு ஓவியத்தில் காலத்தைக் குறிப்பது சேவல். ஆகவே பிக் பென் மணிக்கூண்டு அவர் கண்ணில் சேவலாகிறது. நிலத்தடி இரயில் மண்புழு. விமானம் பறக்கும் யானை. தவறாமல் வந்து அழைத்துச் செல்லும் 30ஆம் எண் பேருந்து நன்றியுள்ள நாய். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் அந்நகரில் நான்காண்டுகள் வாழ்ந்தேன். அந்தக் கூண்டை எத்தனையோ முறை கடந்தேன். எனக்கு அது ஒருமுறைகூடச் சேவலாகத் தெரிந்ததில்லை. நான் அஞ்சலட்டையில் கண்டதையே நேரிலும் கண்டேன். இந்நூலில் கோண்டு மரபு பற்றிய 'அறிமுகம்' வேண்டி வருபவர் ஏமாறுவார். லண்டனை அறிய வருபவரோ கோண்டு மரபை அறிந்துகொண்டு திரும்புவார்.

தமிழாசிரியர்களுக்கு மிக நெருக்கமான நூல் மின் லே எழுதி டேன் சான்டாட் வரைந்த 'ட்ரான் டுகெதர்' (2018) எனலாம். அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. ஆங்கிலம் மட்டும் பேசும் பேரன், தாய்லாந்து மொழி மட்டும் பேசும் தாத்தாவின் வீட்டில் விடப்படுகிறான். இருவருக்கும் பொதுமொழி இல்லை. உணவு வேறு, தொலைக்காட்சியில் ஓடுவது ஒருவனுக்குப் புரியவில்லை. சலிப்புற்ற பேரன் வரையத் தொடங்குகிறான். தாத்தா எழுந்து சென்று தம் ஓவிய ஏட்டையும் தூரிகையையும் எடுத்து வருகிறார். பேரன் வண்ணக் கோலால் மந்திரவாதியாகிறான். தாத்தா கறுப்பு மையில் பண்டைய வீரராகிறார். இரு ஓவிய நடைகளும் ஒரே பக்கத்தில் மோதிக் கலக்கின்றன. பழைய தொலைவு ஒரு பறவைநாகமாகத் திரும்பி வரும்போது இருவரும் தம் கருவிகளை மாற்றிக்கொள்கின்றனர்.

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் இந்தியர் 2000இல் 42.9 விழுக்காட்டினர், 2010இல் 36.7 விழுக்காட்டினர். தமிழ்ப்பள்ளிகள் உள்ள நம் மலேசியாவிலும் நகர்ப்புற வீடுகளில் இக்காட்சி அரிதன்று. தாத்தாவும் பேரனும் ஒரே சோபாவில் அமர்ந்து ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்நிலையில், சொல் தேவையில்லை, படமே போதும் என்று ஒரு நூல் கூறினால் மொழியாசிரியர் அதனை ஏற்கலாமா? ஓவியம் இருவரையும் இணைத்துவிட்டதால் பேரன் தாய்மொழியைக் கற்க வேண்டிய தேவை மறைந்துவிடுகிறது அன்றோ? நூலின் முடிவு இனிமையானது. எனக்கு அது சற்று விரைவாகவே கிட்டிவிட்ட இனிமையாகப் படுகிறது.

எனினும் நூலில் தாத்தாவின் பேச்சு தாய்லாந்து எழுத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பும் இல்லை, ஒலிபெயர்ப்பும் இல்லை. அறியாதவர் பேரனின் இடத்தில் நிற்கிறார். அறிந்தவர் தாத்தாவின் மனத்தையும் கேட்கிறார். அந்த எழுத்து வெறும் அலங்காரமாக அங்கு நிற்கவில்லை. படிக்கக் கற்றுக்கொண்டு வருபவருக்காகக் காத்திருக்கிறது. இருமொழிப் பதிப்புகளில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக அச்சிடும் வழக்கம் பயனுடையதே. ஆனால் ஆங்கிலம் அறிந்த பிள்ளையின் கண் நேராக ஆங்கில வரிக்குச் சென்று, தமிழ் வரியைத் தாண்டி, பக்கத்தைப் புரட்டிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கு தமிழ் எதற்காகவும் காத்திருப்பதில்லை.

இந்நூலை என் தாயாருக்கும் காட்டினேன். அவருக்குத் தாய்லாந்து மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கதவைத் திறந்து நிற்கும் தாத்தாவின் முகத்தைப் பார்த்து, "பேரன் மேல கோபம்னு நினைக்கிறியா? அது கோபமில்லப்பா, கூச்சம்" என்றார். அந்த முகத்தை நான் வகுப்பில் மூன்றாண்டுகளாகக் 'கண்டிப்பான முதியவர்' என்றே விளக்கிவந்திருக்கிறேன்.

இனி நம் நூல்கள். இங்கும் சிங்கப்பூரிலும் குடும்ப மரபை மையமாகக் கொண்ட தமிழ்ப் படநூல்கள் வந்துள்ளன. அவற்றை வெளியிடப் பொருளுதவி தேடுவதும் விற்பதும் எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆகவே பெயர் சுட்டிக் குறை கூற மனம் வரவில்லை. பொதுவாகக் காணப்படுவது இது: பேரனோ பேத்தியோ விடுமுறைக்குப் பாட்டி வீட்டிற்குச் செல்வர், பாட்டி ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி விளக்குவார், பிள்ளை வியப்பார், இறுதியில் 'நம் பண்பாட்டைக் காப்பேன்' என்று உறுதி கூறுவார். தோட்டப்புற வாழ்வைச் சொல்லும் நூல்களிலும் உளி, மங்கு, காண்டா வாளி என ஒவ்வொன்றும் பெயர்ச்சீட்டு ஒட்டியதுபோல் வரையப்பட்டிருக்கும். ஓவியருக்கு எழுத்து முடிந்தபின்பே படி அனுப்பப்படுகிறது; வரியில் உள்ளதையே அவர் வரைகிறார். நானறிந்த ஓவியர் ஒருவர், லயத்து வாசலில் நாய் ஒன்றைக் கூடுதலாக வரைந்ததற்காகக் கதையில் நாய் இல்லை என்று திருத்தச் சொல்லப்பட்டார். நாய் இல்லாத லயத்தை நான் கண்டதில்லை.

லாட்டின் 'கம்போங் பாய்' 1979இலேயே நம் கண்முன் இருந்தது. பேராக் மாநிலத்துக் கம்பத்துச் சிறுவனின் வளர்ச்சியைச் சொல்லும் அந்நூலில் வரிகள் அமைதியாக ஒன்றைக் கூற, படம் பக்கத்தில் இருந்துகொண்டு வேறொன்றைச் சொல்லிச் சிரிக்கிறது. அந்த இடைவெளியை நம் தமிழ்ப் படநூல்கள் ஏன் கற்கவில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று. பாடநூல் எழுதிப் பழகிய கைகளே படநூலையும் எழுதுவது ஒரு காரணமாகலாம். எதையும் தவறாகப் புரிந்துகொள்ளப் பிள்ளைக்கு இடம் தரக்கூடாது என்னும் நல்ல எண்ணம் மற்றொன்று.

வாசிக்க என்ன இருக்கிறது என்று கேட்ட அந்த மாணவி, பருவ இறுதியில் ஒப்படைப்பாகத் தாமே வரைந்த நான்கு விரிப்புகளைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டி பால் வெட்டிய காலத்து மங்கு ஒன்று. முதல் விரிப்பில் அது மரத்தில் கட்டியிருந்தது. இரண்டாவதில் சாமி மாடத்தில் திருநீறு வைக்கும் கிண்ணம். மூன்றாவதில் ஒரு குழந்தையின் தலையில் தொப்பி. நான்காவதில் அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் புறாக்களுக்குத் தானியம் வைக்கும் பாத்திரம். பாட்டியின் கை மட்டும் தெரிந்தது. கோடுகள் பழகாத கையினுடையவை. நான் முழுமையாக மகிழ்ந்தேன். கடைசிப் பக்கத்தின் கீழே மட்டும் அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: பாட்டி புறாக்களைக் கூப்பிடும் ஒலி. படம் போதும் என்று சிவப்பு மையால் அதனை அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் மறுப்புக் கூறவில்லை. தோட்டத்தில் கோழிகளைக் கூப்பிட்ட அதே ஒலி அது என்பதைப் பிறிதொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்குள் மதிப்பெண் அனுப்பப்பட்டுவிட்டது.